ஒன்றரை இஞ்ச்

எங்கள் சாம்பிள் ரூமில் அவளை மீடியம் என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் ஏறி நின்றவளும் மீடியம்தான். அவள் கல்யாணமாகி வெளியூர் போனபோது பெயரை மட்டும் இங்கேயே விட்டுப் போனாள். நாங்கள் தைப்பது வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் பெண்கள் உடுப்பு. எந்தப் புது டிசைனையும் முதலில் ஒரே ஒரு உருப்படி தைத்து, மீடியம் அளவுள்ள ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்தி, பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அனுப்புவோம். அவர்கள் சரி என்றால்தான் கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். அந்த ஒரு உடம்பை நம்பித்தான் முந்நூறு மிஷின் ஓடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

நான் அளவு பார்க்கிறவள். பதினோரு வருஷமாகக் கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலும்தான் என் நகை. ஒருவர் வாசலில் நுழையும்போதே இடுப்பு எத்தனை என்று மனசுக்குள் ஓடிவிடும். சில சமயம் வாயிலும் வந்துவிடும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டால் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

அவள் இன்டர்வியூவுக்கு வந்த அன்று, கதவை ஒருக்களித்தால் நுழையாத அளவுக்கு ஒரு போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வருஷம் ஃபேஷன் டிசைன் படித்தவள். கடைசி வருஷம் எறும்பு வரிசைகளைப் பார்த்து ஆறு உடைகள் வடிவமைத்தாளாம், வகுப்பில் முதல் பரிசாம். எங்கள் டிசைன் மேடம் முதல் பக்கத்தைத் திருப்பினார். அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். போர்ட்ஃபோலியோவை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு, சீட் என்கிற பின்புறச் சுற்று முப்பத்தெட்டு. தோளும் கையும் உயரமும்கூட பையர் கொடுத்த சார்ட்டில் இருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது. மேடத்தின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவள் முகமும் மலர்ந்தது. பாவம், எறும்புகள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ஆறு மாத ட்ரெய்னி ஆர்டர் கைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ‘டிசைன் பிரிவு, பயிற்சியாளர்’ என்று லட்சணமாக அடித்திருந்தது. இரண்டாவது பக்கத்தில் அவளுடைய பதினான்கு அளவுகள், கீழே ஒரு நிபந்தனை: மேற்கண்ட எதுவும் அரை இஞ்சுக்கு மேல் மாறக் கூடாது. அவள் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். அவள் அம்மா அதை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பெண் பெரிய டிசைனர் ஆகிவிட்டாள் என்று ஒரு வாரம் போனை கீழே வைக்கவில்லை. போர்ட்ஃபோலியோவுக்கு எங்கள் ரூமில் இடமில்லாததால் துணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நான்தான் செருகிவைத்தேன்.

காலையில் டிசைன் ரூமில் துணித் துண்டுகளை அட்டையில் ஒட்டி நம்பர் போட வேண்டும். மத்தியானம் ஸ்டூலில் ஏறி பொம்மை மாதிரி நிற்க வேண்டும். கூடப் படித்தவர்கள் நிலைமையும் அப்படியொன்றும் ஓங்கிவிடவில்லை என்று டீ நேரத்தில் சொல்வாள். ஒருத்தி பெரிய பொட்டிக் துணிக்கடை ஒன்றில் சேர்ந்து எட்டு மணி நேரமும் பாசிமணிகளை நிறவாரியாகப் பிரிக்கிறாளாம். இன்னொருவன் ‘கிரியேட்டிவ் அசோசியேட்’ என்று கார்டு அடித்துக்கொண்டு கூரியர் பார்சல் சுமக்கிறானாம். “எங்க பேட்ச்ல இன்னும் யாரும் எதையும் டிசைன் பண்ணலக்கா” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்தாலும் அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முடிவதற்குள் டிசைன் மேஜையில் ஒரு நாற்காலி பிடிக்காவிட்டால், வீட்டில் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

முதல் வாரம் எதைப் போட்டாலும் ஓகே என்றாள். எங்கள் பேட்டர்ன் மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். டம்மியே தேவலாம், அது ஓகே என்று பொய்யாவது சொல்லாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். டம்மி என்பது துணி சுற்றிய தலையில்லாத உருவம், அதுவும் மீடியம் அளவுதான். இவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மறுநாள் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறியவள், சும்மா நிற்காமல், மேலே ஓடும் தண்ணீர்க் குழாயை எட்டிப் பிடித்துத் தொங்கினாள்.

“மாஸ்டர், பஸ்ல கம்பியப் பிடிச்சா சட்டை மேல ஏறுது. அக்குள்ல கடிக்குது.”

“நம்ம சட்டை பஸ்ல போறது இல்லம்மா. கார்ல போறது.”

“கார்லயும் ஸ்டியரிங் பிடிக்கணுமே மாஸ்டர்.”

ரூமே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் முணுமுணுத்துக்கொண்டே கை வெட்டில் அரை இஞ்ச் திருத்தினார். இரண்டு வாரம் கழித்து அந்தச் சட்டை நன்றாக உட்காருகிறது என்று பையரிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் பையர் திட்டத்தான் மெயில் போடுவார், பாராட்டுவதற்குப் போட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து மாஸ்டர் அவள் வாயைத்தான் பார்ப்பார். அவளும் மாடிப்படி ஏறிப் பார்ப்பாள், குனிந்து செருப்பு மாட்டிப் பார்ப்பாள், பாக்கெட்டில் கையைவிட்டு ‘இங்க போன் நிக்காது’ என்பாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். டம்மியை மூலையில் தள்ளிவிட்டோம். கொஞ்ச நாளில் அதன் கழுத்தில் எங்கள் கைப்பைகள் தொங்க ஆரம்பித்தன.

நாலாவது மாதம் ஹாஸ்டலில் தண்ணீர்த் தகராறு. அதே ஊரில் இருந்த அத்தை வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்த அம்மாளுக்கு அண்ணன் பெண் என்றால் உயிர், அதிலும் ஒல்லியான அண்ணன் பெண் என்றால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருக்கிறதே என்று அழாத குறையாக மூன்றடுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். நாங்களும் பங்கு போட்டோம். ஆனால் அத்தை வீட்டு இரவுச் சாப்பாட்டில் பங்கு போட நாங்கள் ஏது? உடம்பு தேறிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அதுதான் கேவலம்.

ஏனென்றால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளை அளந்து நோட்டில் ஏற்ற வேண்டியது என் வேலை. முதல் மூன்று மாதம் ஒழுங்காக அளந்தேன். நூல் பிசகாமல் அதே எண்கள். ஒரு திங்கட்கிழமை சீசன் வேலை தலைக்கு மேல் கிடந்தது. இவள் எங்கே மாறப்போகிறாள் என்று, மேலே உள்ளபடியே என்பதற்குப் போடும் இரட்டைக் கோட்டைப் பதினான்கு வரியிலும் இழுத்துவிட்டேன். அடுத்த திங்களும் அதே கோடு. ஒரு தடவை ருசி கண்ட கை, பிறகு கேட்குமா? பன்னிரண்டு வாரம் கோடாகவே போட்டிருக்கிறேன். ஊரார் இடுப்பையெல்லாம் கண்ணாலேயே அளப்பவளுக்கு, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இடுப்பு தெரியவில்லை.

அவளுக்காவது தெரிந்ததா என்றால், தெரிந்தது. அவளுடைய சொந்த ஜீன்ஸ் பட்டன் ஏறவில்லை. ஆனால் படித்த படிப்பு அவளை விடுமா? துணி சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டினாள். அத்தை வீட்டில் சுடுதண்ணீரில் துவைக்கிறார்கள், பருத்தி சதவீதம் இத்தனை, சுருக்கம் இத்தனை என்று நோட்டில் கணக்கே போட்டு வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. டிசைன் ரூமில் ஒட்டு அட்டையின் பின்பக்கத்தில் அவள் கிறுக்கிவைத்திருந்த ஒரு பேன்ட் மேடத்தின் கண்ணில் பட்டது. கால் அகலமானது, இடுப்பில் எலாஸ்டிக் கிடையாது, பாக்கெட்டில் போன் நிற்கும், உட்கார்ந்தாலும் எழுந்தாலும் இழுக்காது. பஸ்ஸில் போகிறவள் யோசித்த பேன்ட். பையருக்குப் படத்தை அனுப்பியதும் சாம்பிள் கேட்டார்கள். மேடம் அவளைக் கூப்பிட்டு, இந்த சாம்பிள் ஒழுங்காகப் போகட்டும், ஆறு மாதம் முடிகிற திங்கட்கிழமை உனக்கு நிரந்தர ஆர்டர், டிசைன் மேஜையில் இடம் என்றார். அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். அப்போதுகூட என் கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பேன்ட் தைத்து வந்தது. அவள் போட்டாள். இடுப்பு இறுக்குகிறது என்றாள். சார்ட் சொல்வது வேறு என்று மாஸ்டர் அளவு ஷீட்டைப் புரட்டினார். சட்டைக்கும் சார்ட் இப்படித்தான் சொன்னது, இவள் வாய்தான் ஜெயித்தது என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். பேட்டர்னில் ஒன்றரை இஞ்ச் கூட்டி, ஷீட்டிலும் திருத்தி எழுதினார். மறுபடி தைத்துப் போட்டால் பேன்ட் பிரமாதமாக உட்கார்ந்தது. ஏறினாள், குனிந்தாள், சம்மணம் போட்டாள். நான் திருத்திய ஷீட்டை வைத்து பேன்ட்டை அளந்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூரியர்.

வியாழக்கிழமை காலையில் அயர்ன்காரர் லீவு. பேன்ட்டுக்கு ஸ்டீம் போட நானே போனேன். கையில் பிடித்து ஸ்டீம் போட்டால் மடிப்பு விழும் என்று, கைப்பைகளையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு டம்மிக்கு மாட்டினேன். பட்டனைப் போட்டுக் கையை எடுத்தேன். பேன்ட் நிதானமாக வழுக்கி இறங்கி சீட்டில் போய் நின்றது.

டம்மி இளைக்காது. பேன்ட்டும் பொய் சொல்லாது. அவளை ட்ரையல் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி டேப்பைப் போட்டேன். இருபத்தொன்பதரை. மூச்சை விடு என்றேன், விட்டாள். அப்போதும் இருபத்தொன்பதரைதான். அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போ ஜீன்ஸ் சுருங்கலையா அக்கா என்று கேட்டாள்.

எனக்கு முதலில் வந்தது பயம். அவளுக்காக இல்லை, எனக்காக. ஒளிப்பானேன்? அந்தக் கோடுகளை யாராவது பார்த்தால் பதினோரு வருஷப் பேரும் போச்சு. அதனால் அவளுக்கு நான் சொன்ன யோசனை யோக்கியமான யோசனை இல்லை.

“இதப் பாரு, பார்சல் நாளைக்குப் போயிடும். பதில் வர ரெண்டு வாரம் ஆகும். திங்கக்கிழமை உன் கையில ஆர்டர் வந்துடும். அப்புறம் அது மாஸ்டர் பாடு, பையர் பாடு. வாய மூடிட்டு இரு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் மனசு ஆடியது எனக்கே தெரிந்தது. அம்மா போனில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததெல்லாம் அவள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

“அக்கா, அது நான் வரைஞ்ச பேன்ட். அங்க அவங்க மீடியம் யாரோ ஒரு பொண்ணு போடுவா. போட்டதும் கீழ இறங்கும். எல்லாரும் சிரிப்பாங்க. என்னைப் பார்த்து இல்ல, பேன்ட்டைப் பார்த்து.”

சொல்லிவிட்டு எழுந்து மேடத்தின் ரூமுக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன், ஆனால் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே அவள் பேசியது கேட்டது. இடுப்பு பெருத்துவிட்டது, அது தெரியாமல் இறுக்குகிறது என்று சொன்னது என் தப்பு, மாஸ்டர் என் பேச்சை நம்பித்தான் கூட்டினார் என்றாள். திங்கட்கிழமை நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உன்னை எதுக்கு எடுத்தேன்னு தெரியுமில்ல?” மேடத்தின் குரல்.

“தெரியும் மேடம். இடுப்புக்கு.”

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேஜையில் விரித்து வைத்தேன். மேடம் ஒரு பக்கம் புரட்டினார், இரண்டு பக்கம் புரட்டினார். வரிக்கு வரி கோடு. “இது என்ன நோட்டா, குருவிக் கூட்டமா?” என்று கேட்டார். அதன்பிறகு கேட்டதையெல்லாம் இங்கே எழுதுவதற்கில்லை. வாங்கிக்கட்டிக்கொண்டேன். வாங்கியது நியாயம், அதனால் வலி கொஞ்சம் கம்மி. கடைசியில் அவர் அவளைப் பார்த்து, ரெண்டாவது பக்க நிபந்தனை உனக்குத் தெரியும், திங்கட்கிழமை பார்க்கலாம், இப்போது எனக்கு நாளை நாலு மணிக்குள் ஒரு மீடியம் வேண்டும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லிவிட்டார் என்றுதான் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்த்தளத்தில் பெண்களை வரிசையில் நிறுத்தினேன். டேப்பைக் கண்டதும் முப்பது வயிறுகள் ஒரே நேரத்தில் உள்ளே போனதை நான் அன்றுதான் பார்த்தேன். மூச்சை விடுங்கம்மா, பரிசெல்லாம் ஒண்ணும் கிடையாது என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இருபத்தேழாவது ஆளாக வந்தாள் காஜா மிஷின் அக்கா. இரண்டு பிள்ளைக்குத் தாய், வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். முப்பத்தாறு, இருபத்தெட்டு, முப்பத்தெட்டு. இத்தனை வருஷமும் எங்கள் தலைக்குக் கீழேயே உட்கார்ந்து பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாஸ்டர் பழைய பேட்டர்னை எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக இல்லாமல், சாயங்காலத்துக்குள்ளேயே தைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கும் மீசையில் மண் ஒட்டியிருந்ததே, அந்த வேகம். வெள்ளிக்கிழமை காலையில் காஜா அக்கா ஸ்டூலில் ஏறினாள். எப்படி இருக்கு என்று மாஸ்டர் கேட்டார். நல்லா இருக்கு என்றாள். குனிந்தாள், நல்லா இருக்கு. உட்கார்ந்தாள், நல்லா இருக்கு. மேடம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வேலை போகப்போகிறவள் வீட்டில் இருந்திருக்கலாம். இவள் வந்திருந்தாள். ஊசிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலுக்குக் கீழே மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, நானும் முதல்ல இப்படித்தான் சொன்னேன். நல்லா இருக்குன்னா யாரும் திட்ட மாட்டாங்கன்னு. இந்தப் பேன்ட்டப் போட்டுட்டு நீங்க பஸ் ஏறிப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரப் போறீங்க. சின்னவன் செருப்பு கழண்டுடுச்சு. மாட்டி விடுங்க.”

காஜா அக்கா சிரித்துவிட்டாள். ஸ்டூலிலிருந்து இறங்கி, இல்லாத பிள்ளைக்கு இல்லாத செருப்பை மாட்டிவிட்டாள். அப்படியே குனிந்த வாக்கில் இருந்துகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“பின்னாடி காத்து அடிக்குது.”

பார்த்தால், இடுப்புப் பட்டைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. நிற்கும்போது தெரியவே தெரியாது. டிசைன் படித்தவளுடைய இருபத்தொன்பதரையில் அது அமுங்கிப் போயிருந்தது. டம்மி குனியாது. மண்டிபோட்டிருந்தவள் ஊசியைக் குத்தி மடித்துக் காட்டினாள். மாஸ்டர் பின் தையலில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்தார். அப்புறம் காஜா அக்காவுக்கு வாய் திறந்துகொண்டது. பாக்கெட் கொஞ்சம் முன்னால் வரணும், பட்டன் துளை படுக்கை வாட்டில் போட்டால்தான் பிய்யாது என்று அவள் தொழிலையும் சேர்த்துச் சொன்னாள். மூன்றே முக்காலுக்குப் பார்சல் ஒட்டினோம். மேடம் எப்போது வாசலைவிட்டுப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் தன் டப்பா, நோட்டு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டு, பீரோவுக்குப் பின்னாலிருந்து போர்ட்ஃபோலியோவை இழுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பத்து மணிக்கு மேடத்தின் ரூமிலிருந்து கவர் வந்தது. நின்றபடியே பிரித்தாள். ஒரு தாள். படித்தாள். திருப்பினாள், பின்பக்கம் வெற்றாக இருந்தது. கவருக்குள் விரலைவிட்டுத் துழாவினாள். கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

“என்னடி தேடுறே?” என்றேன்.

“ரெண்டாவது பக்கம் அக்கா. அதக் காணோம்.”

நான் வாங்கிப் பார்த்தேன். டிசைன் பிரிவு, உதவி டிசைனர், நிரந்தரம். மேடத்தின் கையெழுத்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அளவுப் பக்கம் தவறி விட்டுப்போகவில்லை, மேடம் வேண்டுமென்றேதான் வைக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவளுக்கு ஏறியது. பேன்ட் சாம்பிளைப் பையர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார், அதற்குள் இது. அவள் அங்கேயே துணி ரோலின் மேல் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொன்னால் என்ன.

அழுது முடித்ததும் தாளைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். முழுத் தாளையும். பிறகு பையிலிருந்து அத்தையின் டப்பாவை வெளியே எடுத்து, மணி பத்தரைகூட ஆகாமலிருக்க, மூன்றடுக்கையும் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, டேப்பை எடுத்துக்கொண்டு காஜா அக்காவை அளக்கப் போனேன்.